இன்னொரு இடத்தில் வைத்தல்

இரண்டாவது ஊசியும் உள்ளே போய்க் குழாயில் சிவப்பு ஏறத் தொடங்கியபோது பிரேமகுமாரி தலையைச் சாய்த்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள். போன தடவை வந்தபோது இல்லாத ஒரு தாள் அங்கே ஒட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டதால் எழுத்து கலங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகவே காலம் தள்ளி ரிட்டயர் ஆனவளுக்குக் கலங்கலான இங்கிலீஷைப் படிப்பது பெரிய வித்தை இல்லை. இந்த வார்டில் இருக்கிற ஆறு டயாலிசிஸ் மெஷின்களில் இரண்டு, வருகிற ஒன்றாம் தேதி முதல், மலைமேல் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு ரீஅலொகேட் செய்யப்படுகின்றன. அவ்வளவுதான் செய்தி. கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. சிஸ்டர் சுபைதா மெஷினில் எண்களைத் தட்டிக்கொண்டே, "ரெண்டே முக்கால் கிலோ ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க மேடம், மோரா?" என்று கேட்டாள். "மோர்தான்," என்று ஒப்புக்கொண்டாள் பிரேமகுமாரி. அளந்து குடிக்க வேண்டிய உடம்புக்கு மோரும் குடித்தாள், அதன்மேல் பானைத் தண்ணீரும் குடித்தாள், நேற்று சாயங்காலம் காற்று அப்படி அனலாக அடித்தது, முதல் மடக்கு உள்ளே இறங்கியபோது செத்தாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. ஆனால் இப்போது மனசு தண்ணீரில் இல்லை. அந்த ஒரு சொல்லில் போய் மாட்டிக்கொண்டுவிட்டது, முள்வேலியில் சேலைத் தலைப்பு மாட்டிக்கொள்கிற மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டுவிட்டு நடக்கவும் முடியாது.

அவளுக்கு இது பழைய வியாதி. கிட்னி கெட்டது போன வருஷம்தான், சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இருக்கிறது. கோர்ட் நூலகத்தில் தலையணை கனத்துக்கு ஓர் இங்கிலீஷ் அகராதி இருந்தது, ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து கிளம்பி எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று சொல்கிற அகராதி. மத்தியானச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு அதில் இறங்கிவிடுவாள். லோகஸ் என்றால் லத்தீனில் இடம். லோக்கல், லொகேஷன் எல்லாம் அதன் பிள்ளைகள். ஒன்றை அதற்கென்று ஓர் இடத்தில் கொண்டுபோய் வைப்பது அலொகேட். வைத்ததை எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது ரீஅலொகேட். எவ்வளவு சாதுவாக இருக்கிறது, மேல்தட்டில் இருக்கிற எவர்சில்வர் டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுகிற மாதிரி, டப்பாவுக்கும் வலிக்காது, தட்டுக்கும் வலிக்காது. அந்த லோகஸே ஆதியில் ஸ்த்லோகஸ் என்று இருந்ததாம், முன்னால் இருந்த ஒலிகள் எப்போதோ உதிர்ந்துபோயின. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஸ்தலம் மாதிரியே கேட்கிறது என்று அன்றைக்கு நூலகத்தில் தனியாக உட்கார்ந்து புல்லரித்திருக்கிறாள், உறவா தற்செயலா என்று பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். கௌச் என்கிற சொல்லும் அந்த வம்சம்தான். பிரெஞ்சுக்காரர்கள் வாய்க்குள் புகுந்து வந்ததால் ஜாடை மாறிவிட்டது. ஆக அவள் இப்போது சாய்ந்திருக்கிற இந்தப் பச்சை ரெக்ஸின் கௌச்சும் சுவரில் ஒட்டியிருக்கிற அந்தச் சொல்லும் பெரியப்பா சித்தப்பா மக்கள். ஒன்று அவளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று எழுந்திரு என்கிறது. சொந்தக்காரர்கள் அப்படித்தான். லேசாகச் சிரிப்பு வந்தது. கை குளிர்ந்தது. வெளியே போய் வருகிற ரத்தம் கொஞ்சம் குளிர்ந்துதான் திரும்பும், முதல் அரைமணி நேரம் அவளுக்கு எப்போதும் மார்கழி.

இடப்பக்கக் கௌச்சில் ஆறுச்சாமி. ஊருக்கு வெளியே தேங்காய்க் களம் வைத்திருப்பவர், கொப்பரை காயப்போட்டு எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிறவர், நாலு வருஷமாக இந்த வார்டுக்கு வருவதால் மெஷின்களையே பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர். அவருடையது சிவப்பி. பிரேமகுமாரியுடையது முனகி, ஓடும்போது முனகிக்கொண்டே ஓடுவதால். "ஏனுங் மேடம்," என்றார், "அங்க என்னமோ ஒட்டிப்போட்டிருக்கறாங்களே, ரீ… என்னமோ கேசன்னு. அதுக்கு என்னங் அர்த்தம்?" "ஒரு இடத்துல வெச்சதை எடுத்து இன்னொரு இடத்துல வைக்கறதுங்க." "எதைங்?" "நம்ம மெஷின்ல ரெண்டை. மலைக்கு." ஆறுச்சாமி கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "அப்ப எடுத்துட்டுப் போறாங்கன்னு சொல்லுங். அதுக்கு எதுக்குங் அத்தனை நீளத்துக்கு ஒரு வார்த்தை?" சிஸ்டர் சுபைதா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காமலே அவள் சொன்னாள், "போறது நிஜம்தாங்க. காலையில ஆறு பேர் நாலு பேரா ஆகணும். மூலையில தூங்கற ஞானப்பூ மலைக்குப் போயிருவா, அவ ஊர் அங்கதானே. இன்னும் ஒருத்தரை ராத்திரி ஷிப்ட்டுக்கு மாத்தச் சொல்றாங்க. ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு ஒரு மணிக்கு விடும். கடைசியா சேர்ந்தவங்க யாரோ அவங்களைன்னு…" வாக்கியத்தை முடிக்காமல் பிரேமகுமாரியின் கையில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்தாள். பட்டை பிரிகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. கடைசியாகச் சேர்ந்தவள் பிரேமகுமாரி. எட்டு மாசம் ஆகிறது.

சரி, என்று சொல்லிக்கொண்டாள். சரி, அதனால் என்ன. ராத்திரியும் இதே மெஷின்தான், இதே ஊசிதான். கூட்டம் இருக்காது, வெயில் இருக்காது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனவள் மாடிப்படிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அவள் குடியிருப்பது ஒரு தையல்கடைக்கு மேலே, படி வெளிப்பக்கமாகச் சுவரை ஒட்டி ஏறுகிறது, கைப்பிடி ஒரு பக்கம்தான். இங்கிருந்து போகும்போது உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். சித்திரையில் ஒருநாள் நட்டநடு மத்தியானத்தில் படியின் பாதியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள், தையல்காரர் மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்து தோளைப் பிடித்தார், அவர் கழுத்தில் தொங்கிய அளவு டேப் அவள் முகத்தில் உரசியது, அந்த டேப்பின் எண்ணெய் வாசனைகூட ஞாபகம் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குத் தையல்கடை ஷட்டர் இறங்கியிருக்கும். தெருவில் நாய் மட்டும் இருக்கும். படியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள், தம்பி நாக்பூரில், போன் பண்ணினால் அழுவான், அழுதுவிட்டு வேலைக்குப் போவான், அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. தனியாக இருப்பதில் ஒரு கெத்து இருந்தது, இவ்வளவு நாள். யாரிடமும் எதையும் கேட்டதில்லை. ஆட்டோக்காரரிடம்கூட முன்கூட்டியே சில்லறையை எண்ணி வைத்துக்கொண்டுதான் ஏறுவாள், பாக்கி கேட்கிற நிலைமை வரக்கூடாது என்று. அந்தக் கெத்தெல்லாம் வெளிச்சம் இருக்கிறவரைக்கும்தானோ என்று இப்போது தோன்றியது, தோன்றியதும் நாக்கு வறண்டது, தண்ணீர் ஞாபகம் வந்தது.

சின்ன வயசில் அவள் அலாட்மென்ட் என்றால் ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பொதுப்பணித் துறையில் இருந்தார். ஊருக்கு ஊர் மாற்றல், ஒவ்வொரு ஊரிலும் ஒரு மஞ்சள் குவார்ட்டர்ஸ். "அலாட்மென்ட் வந்துருச்சா?" என்று அம்மா தினம் கேட்பாள். இவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள், தோல்பை மாட்டிக்கொண்டு, குடை வைத்துக்கொண்டு, அலாட்மென்ட் வருவார் என்று. அவர் வந்தால்தான் வீடு. அவர் நல்லவரா கெட்டவரா என்பது தெரியாது, ஒரு தடவை கிணறு உள்ள வீடு தந்தார், ஒரு தடவை சுடுகாட்டுக்குப் பக்கத்து வீடு தந்தார். வளர்ந்து வேலைக்குப் போய் அந்தத் தலையணை அகராதியில் பார்த்தால் அலாட் வேறு, அலொகேட் வேறு. அலாட்டில் இருக்கிற லாட் என்பது குலுக்கிப் போடுகிற மரத்துண்டு, வடக்கத்திக் குளிர்நாட்டுக்காரர்களின் சொல், யாருக்கு எது விழுகிறதோ அது. அங்கே யார்மேலும் பழி இல்லை, மரத்துண்டு விழுந்தது, அவ்வளவுதான். அலொகேட்டில் அப்படி இல்லை, அங்கே ஒரு கை இருக்கிறது, எடுத்து வைக்கிற கை. கிட்னி கெட்டது அலாட். எத்தனையோ பேருக்கு சர்க்கரை இருக்கிறது, எத்தனையோ பேர் தலைவலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்குகிறார்கள், அவர்கள் எல்லாருடைய கிட்னியும் சௌக்கியமாக இருக்கிறது, அவளுக்கு விழுந்த துண்டு இது. இந்தக் கௌச்சும் இந்தக் காலை வேளையும் முனகியும் அலொகேட். யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து, இவளுக்கு இந்த இடம் என்று வைத்தார். அதே கை மறுபடி வருகிறது. விழுந்ததைப் பற்றி அழலாம், யாரிடமும் போய்ச் சண்டை போட முடியாது. வைத்ததைப் பற்றி என்றால் போடலாம், கேட்கலாம், எழுதலாம். எழுதுவதற்கு அவளைவிட இந்த வார்டில் யார் இருக்கிறார்கள் என்கிற எண்ணம் வந்ததும் உடம்பில் ஒரு சின்னச் சூடு பரவியது.

அதையே ஆறுச்சாமியும் சொன்னார், அவள் மனசைப் படித்த மாதிரி. "மேடம், நான் சொல்றனேன்னு நெனைக்காதீங். கலெக்டருக்கு ஒரு மனு எழுதிப் போடலாமுங். நீங்க இங்கிலீசுல நல்லா காரமா எழுதிக் குடுங், கையெழுத்து வாங்கறது என்ற பொறுப்பு. களத்துல, மில்லுல, மண்டியில, எங்க வேணா வாங்கிப்போடறேன். எனக்கொண்ணும் இல்லீங், நான் பழைய ஆளு, காலையிலயே இருந்துக்குவேன். உங்களுக்காகத்தான் சொல்றேன். ஒத்தப் பொம்பளை ராத்திரி ஒரு மணிக்கு எப்படிங் வீட்டுக்குப் போவீங்க?" "அவ?" என்று பிரேமகுமாரி வலப்பக்க மூலையைக் கண்ணால் காட்டினாள். "அந்தப் புள்ளையா? பாவம், அது பாட்டுக்கு வந்துட்டுப் போகுட்டுமுங், நாம என்ன வேண்டாம்னா சொல்றோம்? மெசின் இங்க இருந்தா அவளுக்கும்தானே?" மூலையில் இடம் போதாமல் குறுக்காகப் போட்டிருந்த கௌச்சில் ஞானப்பூ தூங்கிக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டில் தேயிலை கிள்ளுகிறவள், நாற்பது வயசு இருக்கும். வந்து ஊசி குத்தியதும் தூங்கிவிடுவாள், முடிந்ததும் சுபைதா தட்டி எழுப்புவாள், எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவாள். மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. விடிவதற்கு முன்னால் ஜீப்பில் தொற்றி, பஸ் பிடித்து, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்குகிறவள் என்று சுபைதா ஒருநாள் சொன்னாள். எட்டு மாசத்தில் அவளோடு நாலு வார்த்தை பேசியிருக்கவில்லை. எப்படிப் பேசுவது, அவள் விழித்திருந்தால்தானே. அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. காலில் வெள்ளிக் கொலுசு ஒன்றுதான் இருந்தது, இன்னொரு காலில் இல்லை.

மனு மனசுக்குள் தானாக எழுதிக்கொண்டது. நல்ல இங்கிலீஷ், கோர்ட் இங்கிலீஷ், ஒவ்வொரு வாக்கியமும் கஞ்சி போட்டு மடித்த மாதிரி. முதியோர், தனித்து வாழும் பெண்கள், இரவு நேரப் பயணம், உயிருக்கு ஆபத்து. எல்லாம் உண்மை. உண்மையை அடுக்கி வைத்தால் எவ்வளவு வசதியாக ஒரு பக்கம் சாய்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும், வக்கீல்கள் நாள் முழுக்க அதைத்தானே செய்தார்கள். சுவரில் இருக்கிற சொல்லை மனுவில் தமிழிலும் போட வேண்டியிருக்கும். மறு ஒதுக்கீடு. அரசாங்கத் தமிழ் அதுதான். ஒதுக்கீடு. நிதி ஒதுக்கீடு, இட ஒதுக்கீடு, வீடு ஒதுக்கீடு. ஆனால் ஒதுக்குவது என்றால் ஒருவனுக்கென்று எடுத்து வைப்பதும்தான், ஒருவனை ஓரமாகத் தள்ளுவதும்தான். ஒரே வினை இரண்டையும் செய்கிறது. மழைக்கு ஒதுங்குகிறோம். முடியை ஒதுக்கிக்கொள்கிறோம். கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறோம். அம்மா மாசத்தில் மூன்று நாள் பின்கட்டில் ஒதுங்கி உட்காருவாள், பழைய வாரப் பத்திரிகைகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போய், சமையல் இல்லை, தண்ணீர் இறைப்பது இல்லை, சாப்பாடு தட்டில் தள்ளிவிடப்படும், அவமானம் என்று இவள் பிற்பாடு கொதித்தபோது, "போடி, எனக்கு அந்த மூணு நாள்தான் லீவு," என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. பிறகு மாசிலாமணி. கோயில் தகராறில் சாட்சி சொல்ல வந்த மனுஷன், கூண்டில் நின்று, "என்னைய ஊரை விட்டே ஒதுக்கி வெச்சுட்டாங்க சாமி," என்றான். இவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு சின்ன வக்கீல் முந்திக்கொண்டு, ஊர் தன்னை அலொகேட் செய்துவிட்டது என்கிறான் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார், யாரோ கொடுத்த அகராதியில் ஒதுக்கு என்பதற்கு அதுதான் போட்டிருந்ததாம். கோர்ட் முழுக்கச் சிரிப்பு. ஜட்ஜும் சிரித்தார். என்ன விஷயம் என்று தெரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று மாசிலாமணியும் சிரித்தான். அந்த முகம். இவள் எழுந்து திருத்தினாள், விலக்கி வைத்தார்கள் என்று சொல்கிறான் யுவர் ஆனர் என்று, சிரிப்பு நின்றது, அவன் மட்டும் இன்னும் ஒரு நொடி சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த நொடியை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் கால் இழுத்தது. வலது கெண்டைச் சதை கல்லாக இறுகி மேலே ஏறியது, விரல்கள் தாமாகவே முறுக்கிக்கொண்டன, "ஐயோ" என்று அவளை அறியாமல் சத்தம் வந்துவிட்டது. மெஷின் தண்ணீரை அதிகமாக எடுத்தால் இப்படித்தான் வரும், நேற்றுக் குடித்த பானைத் தண்ணீர் பழி வாங்குகிறது. எழுந்து காலை ஊன்றவும் முடியாது, வலதுகை குழாயோடு கட்டுண்டு கிடக்கிறது. இடதுகை எட்டவில்லை. "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று ஆறுச்சாமி கத்தினார். சுபைதா அடுத்த அறையிலிருந்து ஓடிவருவதற்குள் அவள் பாதத்தில் ஏதோ வந்து அழுந்தியது. ஞானப்பூ விழித்துக்கொண்டு, குறுக்காகக் கிடந்த தன் கௌச்சிலிருந்து காலை நீட்டி, உள்ளங்காலை இவள் பாதத்து விரல்களின் அடியில் வைத்து முட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். "காலை விடுங்கம்மா, எதுத்துத் தள்ளாதீங்க, நான் தள்றேன், விடுங்க." வெடித்து வெடித்துக் காய்ந்த உள்ளங்கால், மரப்பட்டை மாதிரி. அது அழுத்த அழுத்தக் கல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. சுபைதா வந்து மெஷினில் எதையோ குறைத்தாள், தலைமாட்டை இறக்கினாள், சலைன் உள்ளே போனது. விட்டத்து மின்விசிறி ஒன்று இரண்டாகி, மறுபடி ஒன்றானது. இப்படித்தான் போவோமோ என்று ஒரு நினைப்பு வந்தது, பெரிய பயமாக இல்லை, பஸ் ஸ்டாண்டில் நம் பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி. வரவில்லை. ஞானப்பூவின் கால் இன்னும் அங்கேயே இருந்தது. "போதும்மா, விட்டுருச்சு," என்றாள் பிரேமகுமாரி. "இருக்கட்டுங்க, மறுபடி இழுக்கும்," என்றாள் அவள்.

முனகி முனகியது. சொல்லத்தான் வேண்டும் என்று பிரேமகுமாரிக்குப் பட்டது, சுவரில் ஒட்டியிருப்பது இவளுக்கும் சேர்த்துத்தான் ஒட்டியிருக்கிறது, இவளுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை. "ஞானப்பூ, உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ரெண்டு மெஷின் வருதாம். அடுத்த மாசத்துலருந்து நீ கீழ இறங்க வேண்டியதில்லை." ஞானப்பூவின் கால் விலகியது. "மேலயா? எங்க ஊருக்கா?" என்றாள். முகத்தில் சந்தோஷம் வரும் என்று பிரேமகுமாரி காத்திருந்தாள், தன்னால்தான் அந்தச் சந்தோஷம் என்கிற மாதிரி ஓர் அற்பப் பெருமையோடு. வரவில்லை. "ஓட்டறதுக்கு ஆளும் வருவாங்களாம்மா?" என்று கேட்டாள் ஞானப்பூ. "எக்ஸ்ரே மெசினு வந்துச்சு எங்க ஊருக்கு. துணி போர்த்தி வெச்சிருக்காங்க. ஆளில்லை. இதும் அப்படி வந்துச்சுன்னா, இங்கயும் இடம் போயிரும், அங்கயும் இல்லைன்னு ஆயிரும்ல?" "அதெல்லாம் ஆள் போடாம அனுப்புவாங்களா?" என்றார் ஆறுச்சாமி, பிறகு தன் கேள்விக்குத் தானே உதட்டைப் பிதுக்கிக்கொண்டார். ஞானப்பூ கூரையைப் பார்த்துச் சொன்னாள், "வந்தா நல்லதுதான். செபஸ்தியான் அண்ணன் என்கூடத்தான் வந்துட்டிருந்தாரு, பஸ்ஸில ஏற முடியலைன்னு நின்னுட்டாரு, ஆடி மாசம் போயிட்டாரு. எங்க எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கம் இன்னும் மூணு பேருக்கு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. கீழ வர மாட்டேங்கறாங்க. என்னையப் பாத்துப் பயந்துக்கறாங்க, நான் பஸ்ஸு இறங்கி வர்ற கோலத்தைப் பாத்து." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடுத்த நிமிஷமே கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் தூங்கவில்லை, இமை ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று பேர். பிரேமகுமாரியின் மனசு அந்த மூன்று பேரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆறு நாலாகிறது, ஒருத்தி மேலே போகிறாள், ஒருத்தி ராத்திரிக்குப் போகிறாள் என்று சுபைதா போட்ட கணக்கில் அவர்கள் இல்லை. அவளே மனசுக்குள் எழுதிய கஞ்சி போட்ட மனுவிலும் இல்லை. இந்த அறையில் அவர்களுக்குக் கௌச் இல்லை, அதனால் அவர்கள் யாருக்கும் தெரியவில்லை. மூன்று வீடுகளைக் கற்பனை செய்து பார்த்தாள், தகரக் கூரை, பனி, வாசலில் உட்கார்ந்து வீங்கிய காலை நீட்டிக்கொண்டிருக்கிற ஓர் ஆள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அதற்காக மனசு ஒன்றும் பெருத்துவிடவில்லை. ராத்திரியும் படியும் நாயும் அப்படியே இருந்தன. எனக்கு மட்டும் ஏன் என்கிற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான், அதை அவள் விரட்டவில்லை, ஆனால் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஞானப்பூவின் ஆடுகிற இமையைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். அது முடியும் என்று தோன்றவில்லை.

"ஆறுச்சாமி அண்ணே," என்றாள். அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை, அவரும் கவனித்துத் திரும்பினார். "மனு எழுதிரலாம். ஆனா எனக்கு வலதுகை கட்டிக் கிடக்கு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. தமிழ்லயே." அவருடைய வலதுகை சும்மாதான் இருந்தது. சுபைதாவிடம் தாளும் பேனாவும் வாங்கி, மடியில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் தாளை வைத்துக்கொண்டார். பிரேமகுமாரி சொன்னாள், "அய்யா, எங்கள் வார்டிலிருந்து இரண்டு மெஷின்கள் மலைக்குப் போவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை." பேனா நின்றது. "ஆட்சேபணை இல்லீங்களா? எனக்கு இருக்குதுங்களே." "இருக்கட்டும். 'எங்களில் சிலருக்கு வருத்தம்தான், ஆனாலும் ஆட்சேபணை இல்லை'ன்னு போடுங்க." ஆறுச்சாமி யோசித்தார். "அப்படின்னா போடலாமுங்," என்று எழுதினார், எழுத்து ஒவ்வொன்றும் கொப்பரை மூட்டையில் குறிபோடுகிற மாதிரி பெரிது பெரிதாக. "மெஷினோடு அதை ஓட்டத் தெரிந்த ஆளையும் அனுப்ப வேண்டும். ஆள் போய்ச் சேருகிற வரைக்கும் மெஷினை இங்கிருந்து கழற்றக் கூடாது." "இது நாயம்," என்றார் எழுதிக்கொண்டே. "மலையில் டாக்டர் எழுதிக் கொடுத்தும் கீழே வர முடியாமல் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களை முதலில் சேர்க்க வேண்டும்." மூலையிலிருந்து ஞானப்பூ, கண்ணைத் திறக்காமலே, "பேரு சொல்லட்டுங்களா?" என்றாள். சொன்னாள். ஆறுச்சாமி ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை கேட்டு எழுதினார், ராசம்மாளா ரோசம்மாளா என்று ஒரு சின்னத் தகராறே நடந்தது. பிறகு, "இன்னும் என்னங்?" என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

பிரேமகுமாரிக்கு அடுத்த வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. இரவு ஷிப்ட்டில் வருகிறவர்களை வீடு சேர்க்க ஒரு வாகனம், என்று சொல்ல வேண்டும், அதுவும் மனுவில் இருக்க வேண்டியதுதான், சொல்லவும் சொன்னாள், அவரும் எழுதினார். ஆனால் அது யாரோ நாலு பேருக்கான வாக்கியம், கலெக்டர் ஆபீஸுக்குப் போய், படித்து, அவர்கள் வண்டி விடுவதற்குள் எத்தனை ராத்திரி போகும். கூண்டில் நிற்கிறவர்களின் வார்த்தையை அவள் இங்கிலீஷில் சொல்லும்போது 'நான்' என்றே சொல்ல வேண்டும், அதுதான் முறை. எத்தனையோ பேருடைய பயத்தை அப்படி நான் நான் என்று சொல்லியிருக்கிறாள், நான் பயந்துபோனேன், நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன், நான் யாரையாவது கூப்பிடலாமா என்று பார்த்தேன். நல்ல தெளிவான குரலில், கை நடுங்காமல், மாசச் சம்பளத்துக்கு. முனகி ஒரு மணியோசை எழுப்பியது, நேரம் முடிந்துவிட்டது, ரத்தத்தைத் திருப்பி உள்ளே அனுப்ப சுபைதா வந்து நின்றாள், அவள் குமிழைத் திருப்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. "அண்ணே, எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள். "ராத்திரி தனியா அந்தப் படியில ஏறறதுக்குப் பயமா இருக்கு. யாராவது கூட வரணும்."

ஆறுச்சாமி மூடியைப் பேனாவில் மாட்டினார். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். "களத்து வண்டி ராத்திரியில சும்மாதானுங் நிக்குது," என்றார் பேனாவைப் பார்த்துக்கொண்டே. "சம்சாரத்தைக் கூட்டியாறேன். அவ உங்களை மேல கொண்டுபோய் விட்டு, லைட்டைப் போட்டுட்டு இறங்கி வருவா. நான் கீழ நிக்கறேன். போதுங்களா?" "சமயத்துல உங்களுக்குக் காலையில ஊசி, ராத்திரி எனக்காக அலைச்சல்னா…" "அட, போதுங்களான்னு கேட்டேன்." "போதுங்க," என்றாள் பிரேமகுமாரி. சுபைதா ஊசியை உருவி அந்த இடத்தில் பஞ்சை வைத்து, "நல்லா அழுத்திப் பிடிங்க மேடம்," என்றாள். அவள் அழுத்திப் பிடித்தாள்.